இரண்டாம் யூனிட்டின் பேக்பிளேன்

முதல் யூனிட் அந்த வாரம் மறுபடியும் நின்றபோது அருள்ராஜ் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விளக்குகள் அணைந்து, டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் திரும்ப எரிந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் தட்டில் இருந்ததை முடித்தான், கை கழுவினான், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலில் நடந்தான்.

புஜைராவில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சின்ன மின்நிலையம் அது. சுற்றியிருந்த கல்குவாரிகளுக்கும் இரண்டு மூன்று லேபர் கேம்ப்களுக்கும் அங்கிருந்துதான் கரண்ட் போனது. கேஸ் டர்பைன் இரண்டு. அதில் இரண்டாவது யூனிட் நின்றுபோய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் யூனிட்டை வைத்துத்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அருள்ராஜ் அங்கே எலெக்ட்ரிகல் டெக்னீஷியன். ஊர் உடன்குடி.

ஜெனரேட்டர் சும்மா சுற்றினால் கரண்ட் வராது. சுற்றுகிற ரோட்டர் காந்தமாக இருக்க வேண்டும். அதற்காக அதற்குள் டி.சி. கரண்ட் அனுப்ப வேண்டும். அந்தக் கரண்டை எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும் அலமாரிக்குப் பெயர் எக்சைட்டேஷன் பேனல். அலமாரிக்குள் கார்டுகள் புத்தகங்களைப் போல வரிசையாக நிற்கும். எல்லாக் கார்டுகளும் பின்பக்கம் ஒரே பலகையில் செருகியிருக்கும். அதுதான் பேக்பிளேன். ஒரு கார்டு இன்னொரு கார்டுக்கு எதைச் சொல்வதானாலும் அந்தப் பலகை வழியாகத்தான் போக வேண்டும்.

முதல் யூனிட்டில் கார்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாகிவிட்டது. பழுது போகவில்லை. கடல்காற்றின் உப்பு பலகைக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று கடைசியில் தெரிந்தது. அந்த மாடல் பேக்பிளேனைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் டெல்லிக்காரர். அருள்ராஜிடம் ஹிந்தியில்தான் பேசுவார்.

"ரெண்டாம் யூனிட் பேனல்ல நல்ல பலகை ஒண்ணு சும்மாதானே கிடக்கு. அதைக் கழட்டி இங்க மாட்டிடலாம். ஷார்ஜாவுல இருந்து ஒரு இன்ஜினியர் வர்றாங்க. நீ கூட இரு."

"சரி சார்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "உனக்கு ஒண்ணும் இல்லையே? அந்தப் பேனல்ல வேலை பார்க்கறதுக்கு."

"இல்ல சார்."

அவன் பொய் சொல்லவில்லை. உள்ளே தேடிப் பார்த்தான், ஒன்றும் இல்லை.

இரண்டாம் யூனிட்டில்தான் சோலையப்பன் இறந்துபோனான். சிங்கம்புணரிப் பக்கத்து ஆள். அருள்ராஜைவிட நாலைந்து வயது மூத்தவன். கேம்ப்பில் இரண்டு பேரும் ஒரே ரூம். சோலையப்பன் குழம்பு வைப்பான், அருள்ராஜ் பாத்திரம் தேய்ப்பான். வெள்ளிக்கிழமைகளில் கொர்ஃபக்கான் கடற்கரைக்குப் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள். அவனை அருள்ராஜ் அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

அது நடந்தபோது அருள்ராஜ் தங்கச்சி கல்யாணத்துக்காக லீவில் ஊரில் இருந்தான். இரண்டாம் யூனிட்டை மெதுவாகச் சுற்றவிட்டு, எக்சைட்டேஷனை நிறுத்திவிட்டு, ரோட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்களைச் சோலையப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தியிருந்த கரண்ட் திடீரென்று வந்தது. கை பிரஷ் ஹோல்டரில் இருந்தது. அவ்வளவுதான்.

பெட்டி திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்தபோது கார்கோ பக்கம் போய் நின்றவன் அருள்ராஜ். சோலையப்பனின் மனைவி சீதாலட்சுமியை வேனில் உட்கார வைத்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டான். அப்போது அவனுக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்த பிறகும் வரவில்லை. லீவு முடிந்ததும் திரும்பி வந்தான். ரூமில் அடுத்த கட்டிலுக்கு ஒரிசாக்காரர் ஒருவர் வந்திருந்தார். சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது, டூட்டி பார்த்தான். யாராவது சிரித்தால் அவனும் சிரித்தான். ஏதோ ஒன்று நடக்க வேண்டும், அது நடக்கவில்லை என்று மட்டும் எப்போதாவது தோன்றும்.

விசாரணை ஒன்று நடந்தது. மறுநாள் பேனலைச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆஃப் செய்தால் ஆஃப் ஆனது. பச்சை விளக்கு எரிந்தால் எக்சைட்டேஷன் நின்றுவிட்டது என்று அர்த்தம். சோலையப்பன் பச்சை விளக்கைப் பார்க்காமல், ஆஃப் ஆவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கை வைத்துவிட்டான் என்று முடிவு செய்தார்கள். இன்சூரன்ஸ் போய்ச் சேர்ந்தது, அதில் தகராறு ஒன்றும் இல்லை. கவனக்குறைவு என்ற ஒரு வார்த்தையும் அதோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

*

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கலீலுர் ரஹ்மான் என்ற கீழக்கரைக்காரர் பழைய கண்ட்ரோல் கார்டுகளை ரிப்பேர் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். அங்கிருந்து வந்தவள் அவருடைய தங்கை மகள் ஹாலிதா. ஷார்ஜாவிலேயே பிறந்து, படித்து, இன்ஜினியர் ஆனவள். தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பூட்ஸ், தலையில் கறுப்பு ஸ்கார்ஃப், அதன் மேல் ஹெல்மெட்.

"நீங்க தமிழா? தேங்க் காட். எனக்கு ஹிந்தி சுமார்தான் அண்ணா," என்றாள்.

பேனல் ரூம் பூட்டியே கிடந்ததால் தூசி வாசனை அடித்தது. ஏசியைப் போட்டார்கள். ஹாலிதா உடனே எதையும் கழற்றவில்லை. முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பின்பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் லைட் காட்டுங்க."

அருள்ராஜ் டார்ச்சைப் பிடித்தான். பேக்பிளேனின் பின்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி நூற்றுக்கணக்கான பின்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் லென்ஸை வைத்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். பிறகு போனை எடுத்து அந்த இடத்தைப் படம் பிடித்துப் பெரிதாக்கினாள்.

"இந்தப் பின் சாஞ்சிருக்கு. பார்த்தீங்களா?"

பார்த்தான். வரிசையில் ஒரு பின் மட்டும் பக்கத்துப் பின்னின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு முடி போகும் அளவுக்கு இடைவெளி.

"தொடல," என்றான்.

"இப்ப தொடல." டிராயிங்கைத் தன் லேப்டாப்பில் விரித்து விரலை ஓட்டினாள். "இது ஸ்டேட்டஸ் லைன். எக்சைட்டேஷன் ஆஃப்னு பச்சை லைட்டுக்குச் சொல்றது. பக்கத்துல இருக்கறது... ஆன் கமாண்ட், கரண்டைக் கொடுன்னு சொல்றது." லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். "அண்ணா, இந்த யூனிட் ஏன் நின்னுச்சு? எங்கிட்ட ரோட்டர் டேமேஜ்னு மட்டும்தான் சொன்னாங்க."

அருள்ராஜ் சொன்னான். அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போயிருந்தது. பிரஷ், கை, கரண்ட், விசாரணை, கவனக்குறைவு. நடுவில் எங்கும் குரல் மாறவில்லை. டார்ச்சும் ஆடவில்லை.

அவள் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு இந்த ரூம்ல ஏசி ஓடுச்சா?"

"நான் ஊர்ல இருந்தேன் மேடம். ஆனா ஏசி ரிப்பேர்னு கேம்ப்ல சொன்னாங்க. ஜூலை மாசம். மறுநாள்தான் சரி பண்ணினாங்க. செக் பண்றவங்க வர்றாங்களேன்னு."

"ஸோ டெஸ்ட் பண்ணும்போது ரூம் கூல்."

"ஆமா."

ஹாலிதா லேப்டாப்பை மூடினாள். "இதைக் கழட்ட வேணாம். இப்போ கழட்ட வேணாம்."

*

மேனேஜர் வந்தார். ஹாலிதா அவரிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் பின்னைப் பார்த்தார். லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. பின்னை நேராக்கிட்டு மாட்டிடுங்க. எனக்கு முதல் யூனிட் ஓடணும். மூணு கேம்ப்ல ஏசி இல்லாம ஆளுங்க படுத்திருக்காங்க."

"நேராக்கலாம் சார். ஆனா நேராக்கிட்டா இது எப்படி இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"போட்டோ எடுத்துட்டீங்கல்ல?"

"போட்டோவுல ரெண்டு பின்னும் தொடல. சூடானா தொடுமான்னு பார்க்கணும். அதைப் பார்க்காம இந்தப் பலகை நல்ல பலகைன்னு நான் கையெழுத்துப் போட முடியாது."

அந்தப் பழைய விசாரணை முடிவில் முதல் கையெழுத்து மேனேஜருடையது. அது ஹாலிதாவுக்குத் தெரியாது. அருள்ராஜுக்குத் தெரியும். அவர் அருள்ராஜைப் பார்த்தார். அவன் தரையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அச்சா," என்றார் மேனேஜர். "பாருங்க. நானும் நிக்கறேன்."

ரோட்டருக்குப் போகும் கேபிள்களைக் கழற்றிவிட்டு, பேனலுக்குள் கண்ட்ரோல் சப்ளை மட்டும் கொடுத்தார்கள். எக்சைட்டேஷனை ஆன் செய்து, பிறகு ஆஃப் செய்தாள் ஹாலிதா. உள்ளே கரண்டை இணைத்துப் பிரிக்கும் பெரிய ஸ்விட்ச், கான்டாக்டர், டக்கென்று விடுபட்டது. முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் முறைப்படி இருந்தது. விசாரணை செய்தவர்கள் பார்த்ததும் இதைத்தான்.

ஏசியை நிறுத்தினார்கள். கதவுகளை மூடினார்கள். ஆகஸ்ட் வெயில் தகர மேற்கூரையிலிருந்து இறங்கியது. மூன்று பேரும் வேர்த்து நின்றார்கள். அருள்ராஜின் பார்வை பச்சை விளக்கிலேயே இருந்தது.

டக்.

சூட்டில் அந்தப் பின் பக்கத்துப் பின்னைத் தொட்டிருக்க வேண்டும், பேனலுக்குள் கான்டாக்டர் தானாக இணைந்துகொண்டது. கேபிள் மாட்டியிருந்தால் இந்நேரம் ரோட்டருக்குள் கரண்ட் போயிருக்கும். முகப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

ஹாலிதா போனில் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவில் அந்த விளக்கும், பக்கத்தில் மீட்டரின் முள்ளும், மேனேஜர் மூச்சு விடும் சத்தமும் பதிவாயின.

"அவர் பார்த்திருக்கார்," என்றாள் ஹாலிதா தமிழில், அருள்ராஜைப் பார்க்காமல். "பச்சை எரியுதுன்னு பார்த்துட்டுத்தான் கை வச்சிருக்கார்."

அருள்ராஜ் தலையாட்டினான். இந்த நிமிஷத்தில் தனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தான். ஆகவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது மட்டும் தெரிந்தது.

மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இன்னொரு தடவை காட்டுங்க," என்றார்.

கதவைத் திறந்து ஆறவிட்டு, மறுபடி மூடிக் காட்டினாள். மறுபடியும் கான்டாக்டர் தானாக இணைந்தது.

"கலாஸ், போதும்," என்றார் அவர். "அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்க. ஹெட் ஆபீசுக்கு நானே அனுப்பறேன்." வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்றார். அருள்ராஜைப் பார்த்தார். ஏசியை ஆன் பண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

*

பலகையைக் கழற்றி, ஸ்பாஞ்சு சுற்றி, ஹாலிதாவின் கார் பின்சீட்டில் வைத்தார்கள். ஷார்ஜா போய்த் திரும்பும்வரை அது அருள்ராஜின் பொறுப்பு என்று மேனேஜர் சொல்லியிருந்ததால் அவனும் ஏறிக்கொண்டான். மலைப்பாதை முழுவதும் அவள் ஓட்டினாள், அவன் பின்னால் திரும்பிப் பலகை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தான்.

"இறந்தவரோட வைஃப், அந்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் வழியில்.

"இல்ல மேடம்."

"சொல்லணும்ல?"

"சொல்லணும்."

"நான் பேசவா?"

"வேணாம். நானே சொல்றேன்."

கலீலுர் ரஹ்மானின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேசையில் டீ, மற்ற மேசைகளிலெல்லாம் கார்டுகள். அவர் வீடியோவை முழுவதும் பார்த்தார்.

"புள்ள, நாம ரிப்பேர் பண்றவங்க. இந்தக் கேஸுக்குள்ள நம்ம பேரு எதுக்கு வரணும்?"

"மாமா, நம்ம பேரு ஏற்கனவே வந்தாச்சு. அவங்க கேட்டா நான் பார்த்ததைச் சொல்லுவேன்."

அவர் பலகையைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். பார்த்து முடித்ததும் நிமிர்ந்தார்.

"இது யாரும் வளைச்சது இல்ல. ஃபேக்டரியிலேயே பின் ஓட்டையில சரியா இறங்கல. மெல்ல மெல்லச் சாஞ்சிருக்கு." அருள்ராஜ் பக்கம் திரும்பினார். "தம்பி, மௌத்தானவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"ரூம்மேட்."

"ம்." பழைய பின்னைப் பிடுங்கிவிட்டு அதே அளவில் வேறு பின்னை அவரே தன் கையால் அழுத்தி இறக்கினார். பிடுங்கியதை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, மேலே மாடலையும் தேதியையும் எழுதி, தன் கையெழுத்தையும் போட்டு ஹாலிதாவிடம் கொடுத்தார். "கேட்டா இதையும் கொடு. என் பேரையும் சொல்லு."

பலகை முதல் யூனிட்டில் ஏறியது. ஹாலிதா ஏசியை நிறுத்தி, சூட்டிலும் குளிரிலும் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். யூனிட் ஓடியது. கேம்ப்களில் ஏசி வந்தது. அவள் போகும்போது காரில் ஏறப் போனவள் இறங்கி வந்து, "அண்ணா, நீங்க ஓகேயா?" என்று கேட்டாள். ஓகே மேடம் என்றான். அவள் நம்பவில்லை. ஆனால் அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை.

*

ஹெட் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உறையில் இருந்த பின்னையும் வீடியோவையும் வாங்கிக்கொண்டார்கள். ஹாலிதாவையும் கலீலுர் ரஹ்மானையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சில வாரங்கள் கழித்து மேனேஜர் அருள்ராஜைக் கூப்பிட்டு விட்டார்.

"முடிவை மாத்திட்டாங்க. எக்விப்மென்ட் ஃபால்ட். ஊழியர் மேல தவறு இல்லை." மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "அன்னைக்கு நான் போட்ட கையெழுத்துதான் அதுல முதல்ல இருக்கு. ஏசி ஓடலங்கறது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்து யோசிக்கணும்னு தோணல."

அருள்ராஜ் நின்றான்.

"அவங்க வீட்டுக்கு லெட்டர் போகும். அதுக்கு முன்னாடி நீ பேசினா நல்லா இருக்கும்."

"சரி சார்."

சாயங்காலம் அவன் கேம்ப் வராந்தாவில் நின்று போன் செய்தான். சீதாலட்சுமி எடுத்தாள். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது.

"சொல்லுங்க தம்பி. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணி. ஒரு விஷயம்." அவன் சொன்னான். பலகை, பின், சூடு, பச்சை விளக்கு. அவளுக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். அவள் நடுவில் எதுவும் கேட்கவில்லை. முடித்ததும் லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தான்.

"அண்ணி?"

"இருக்கேன். அந்தப் பச்சை லைட்டு எரிஞ்சுதா தம்பி?"

"எரிஞ்சுது. நானே பார்த்தேன். எரிஞ்சுக்கிட்டே கரண்ட் வந்துச்சு."

"அப்ப அவரு பார்த்துட்டுத்தான் கை வச்சிருக்காரு."

"ஆமா அண்ணி."

"நான் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றாள். அழவில்லை, யாருக்கோ கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "காலையில எந்திரிச்சு போட்டோவுக்குப் பூ வைக்கும்போது திட்டுவேன். பொம்பளப்புள்ள ஒண்ணு இருக்கே, பார்த்து வேலை செய்யத் தெரியாதா உனக்குன்னு. எம்புட்டுத் திட்டிருப்பேன். அது எனக்கு ஒரு பிடிமானமா இருந்துச்சு தம்பி. இனிமே நான் காலையில என்ன சொல்லுவேன்?"

அருள்ராஜ் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"மாமா வாசல்ல இருக்காரு," என்றாள். "அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா, எம்மனசு ஆறட்டும்னு நீங்க ஏதோ சொல்றதா நினைப்பாரு. சத்தமாப் பேசுங்க. காது சுத்தமாக் கேக்கறதில்ல."

போன் கைமாறியது. சோலையப்பனின் அப்பா இருமினார். "யாரு?"

"ஐயா, நான் அருள்ராஜ். துபாய்ல இருந்து."

"யாரு?"

"அருள்ராஜ்."

"சொல்லுப்பா."

"அண்ணன் மேல தப்பில்லைன்னு முடிவாயிருச்சுய்யா. மிஷின்ல பழுது."

"என்ன? சத்தமாச் சொல்லு."

குரலை உயர்த்தினான். "அண்ணன் மேல தப்பில்ல."

"எங்க வரல? சரியாக் கேக்கலப்பா."

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தப்பில்லய்யா," என்று கத்தினான். "சோலையப்பன் அண்ணன் மேல தப்பில்ல. மிஷின் மேலதான் தப்பு. அண்ணன் சரியாத்தான் வேலை பார்த்தாரு." தொண்டை கிழிந்த மாதிரி வலித்தது. அறைக்கதவுகள் திறந்தன. ஒரிசாக்காரர் வெளியே வந்து, என்ன பாய், என்ன ஆச்சு என்றார். அவன் நிறுத்தவில்லை. கேட்டுவிட்டது என்று கிழவர் சொல்லும்வரை அதையே திரும்பத் திரும்பக் கத்தினான். கடைசியில் அவன் சொன்னது வார்த்தையாகவே இல்லை.

"கேட்டுச்சுப்பா," என்றார் கிழவர். "கேட்டுச்சு. அழாத."

அப்போதுதான் அருள்ராஜ் முகத்தைத் தொட்டுப் பார்த்தான்.

கிழவர் போனை வைக்கவில்லை. அதை அணைக்க அவருக்குத் தெரியாது போல. அதைக் கையில் பிடித்தபடியே நடந்தார், செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்து, காது கேளாதவர்கள் பேசுகிற பெருங்குரலில் அவர் தெருவில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "ஏய் முத்துக்கருப்பா, இங்க வா. எம்மவன் மேல தப்பில்லயாம். சரியாத்தான் பார்த்தானாம் வேலைய." பிறகு இன்னொரு பெயரைக் கூப்பிட்டார். அவரிடமும் அதையே சொன்னார்.

அருள்ராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரிசாக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். கிழவர் தெருவில் நாலாவது வீட்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.